பொழுது சாய்ந்தால் திங்கட்கிழமை

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் தன்னைக் கேட்காமல் எந்தத் தமிழனும் புதுக் கார் சாவியைத் திருப்ப மாட்டான் என்பது சிவராமகிருஷ்ணனின் பெருமை. அதில் பாதி அளப்பு, பாதி உண்மை. ஊர்க்காரர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் அமாவாசை என்றைக்கு, பிரதோஷம் என்றைக்கு, கிரகணம் விட்டதும் எப்போது குளிக்கலாம் என்று தினம் காலையில் போடுகிறவர் அவர்தான். யாராவது அறியாத்தனமாகச் சென்னைக் காலண்டரைப் பார்த்து ஒரு நேரம் போட்டுவிட்டால் தொலைந்தார்கள். சென்னைச் சூரியன் வேறு, ஹூஸ்டன் சூரியன் வேறு என்று ஆரம்பித்து, உதயம், அஸ்தமனம், எட்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, அந்த மனுஷரைக் குரூப்பை விட்டே ஓடும்படி பண்ணிவிடுவார்.

பிழைப்புக்கு ஒரு பைப்லைன் கம்பெனியில் ஷெட்யூலர். எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று கலர் கலராகக் கட்டம் போட்டுக் கொடுக்கிற உத்தியோகம். அவர் போட்ட தேதியில் ஒரே ஒரு குழாயாவது பூமிக்குள் இறங்கியிருக்கிறதா என்றால், அதுதான் இல்லை. மழை கெடுத்தது, பர்மிட் கெடுத்தது, காண்ட்ராக்டர் கெடுத்தான். ஷெட்யூல் மட்டும் எப்போதும் சரியாகவே இருந்தது. மனுஷர் இருபத்தைந்து வருஷமாக இதையே சொல்லிச் சம்பளம் வாங்குகிறார், கேட்பாரில்லை.

வீட்டில் கேட்க வேண்டிய ஆள் ஜலஜா. அவர் மனைவி. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் இன்ஷூரன்ஸைச் சரிபார்க்கிறாள். புருஷனிடம் வாய் திறந்து மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல் திட்டித் தீர்ப்பாள், முகத்தில் ஒன்றும் தெரியாது. முதல் குழந்தைக்கு வலி கண்டபோது எமகண்டம் தாண்டட்டும் என்று கராஜுக்குள்ளேயே காரை நிறுத்தி, ரேடியோவில் பாட்டு வேறு போட்டு அவளை உட்கார வைத்த புண்ணியவான் அவர். நூலகத்தில் நல்ல வேலைக்கு இன்டர்வியூ வந்தபோது, ராகு காலம் முடிந்து புறப்படு என்றார். புறப்பட்டாள். போய்ச் சேர்ந்தபோது வேறொருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்துக்கொண்டே ஜலஜா மனசுக்குள் சொன்னதையெல்லாம் எழுதினால் இந்தக் கதையை யாரும் அச்சில் போட மாட்டார்கள்.

கராஜில் வலியோடு காத்திருந்து பெற்ற பிள்ளைதான் அதிதி. அவளுக்குப் பின் ஆர்யன், ஆஸ்டினில் வேலை. அதிதி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு டாக்டர். அவள் ஜோனாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது, ஜோனா யூதப் பையன் என்று தெரிந்ததும், சிவராமகிருஷ்ணன் வீட்டில் யாரோடும் பேசாமல் ஒரு வருஷம் ஓட்டினார். குரூப்பில் மட்டும் பிரதோஷம் தவறாமல் வந்தது. கடைசியில் அதிதி, சரி, கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னாள். அவ்வளவுதான், தடாலென்று இறங்கி வந்தார். மகள் மனசு நோகிறதே என்று இல்லை. சிவராமகிருஷ்ணன் பெண் கல்யாணம் முகூர்த்தமே இல்லாமல் நடந்தது என்று நாலு பேர் பேசிவிடுவார்களே என்றுதான்.

இறங்கி வந்தவர் சும்மா வரவில்லை, ஒரு நிபந்தனையோடு வந்தார். தேதியும் நேரமும் தான் குறிப்பதுதான். வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதிதியும் ஒப்புக்கொண்டாள், அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. இரண்டு கல்யாணம் வேண்டாம், ஒரே மேடை, ஒரே நேரம். அவர்கள் வழக்கப்படி நாலு கால் நட்டுத் துணி கட்டிய பந்தலின் கீழ் ஜோனா கண்ணாடித் தம்ளரை மிதித்து உடைக்கட்டும், நம் வழக்கப்படி தாலியும் கட்டட்டும். யூதக் கல்யாணத்தில் பெண்ணை அப்பா ஒருவர் மட்டும் அழைத்து வருவதில்லை. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், இரண்டு பேரும் கையைப் பிடித்துப் பந்தல்வரை கூட்டிப் போவார்கள். ஜோனாவின் அக்கா கல்யாணத்தில் அதைப் பார்த்ததிலிருந்து அதிதிக்கு அதே நினைப்பு. ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத அப்பா ஒரு பக்கம் கையைப் பிடித்து நடந்து வந்தால், மற்றதெல்லாம் மறந்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். ஜலஜாவுக்கு அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது.

ஜோனாவின் அப்பா ஹோவர்ட், ஹூஸ்டனிலேயே மேயர்லாண்ட் பக்கம் இருந்தார். ரிட்டயர் ஆன கண் டாக்டர், அதிர்ந்து பேசாத மனுஷர். முதல் தடவை விருந்துக்குப் போனபோது, கல்யாணத் தேதி பார்க்க உதவும் என்று ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காலண்டரை எடுத்து நீட்டினார். அவர்கள் மாதம், அவர்கள் பண்டிகை, எந்த நாளில் எத்தனை மணிக்கு விளக்கேற்ற வேண்டும் என்பதுவரை அதில் அச்சடித்திருந்தது. சிவராமகிருஷ்ணன் ஆவலாகத்தான் கையை நீட்டினார். பிறகு கீழே விளம்பரத்தைப் பார்த்தார். காலண்டரைக் கொடுத்தது ஊரிலுள்ள ஒரு சவ அடக்க நிலையம். அவர்களுக்கு அதில் ஒன்றும் கூச்சமில்லை, நம்மூரில் ஜவுளிக் கடை கொடுப்பதுபோல அங்கே இவர்கள் கொடுக்கிறார்கள். இவரோ சூடுபட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். சாவுக் கடை காலண்டரைப் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதா?

வேண்டாம், உங்கள் காலண்டரை நானே கணக்குப் போட்டு எடுத்துவிடுவேன் என்று ஹோவர்டிடம் சொல்லிவிட்டார். ஹோவர்ட் சிரித்தார். தன் சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் அந்தக் கணக்குத் தெரியாது, ஃப்ரிட்ஜைப் பார்ப்பதோடு சரி என்றார். அதைக் கேட்டதும் சிவராமகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது ஃபிஃப்டி நைன் ஃப்ரீவே முழுக்க, பாவம் அவங்க பண்டிகை என்றைக்கு வரும்னு அவங்களுக்கே தெரியல என்று இரக்கப்பட்டுக்கொண்டே ஓட்டினார்.

அடுத்த இரண்டு மாதம் வீட்டில் எபிரேய காலண்டர்தான். அவர்களுக்கும் சந்திர மாதம்தான், ஆனால் பண்டிகை பருவம் தப்பக் கூடாது, அதனால் பத்தொன்பது வருஷத்தில் ஏழு தடவை ஒரு மாதத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நம்ம அதிக மாசம் என்று தொடையைத் தட்டினார். அவர்கள் வருஷப் பிறப்பு ஞாயிறு, புதன், வெள்ளியில் வரவே வராது, வந்தால் தள்ளிப் போட்டுவிடுவார்கள். நம்மாட்கள் செவ்வாய்க்கிழமையைத் தள்ளுகிற மாதிரி என்றார். கோடையில் மூன்று வாரம் அவர்களும் கல்யாணம் செய்ய மாட்டார்கள். அட, ஆடி மாசம்! அமாவாசையைக் குறிக்க ஒரு மணி நேரத்தை ஆயிரத்தெண்பது பாகமாக வெட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்த அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எல்லாம் நம்மகிட்டேர்ந்து போனதுதான் என்று குரூப்பில் போட்டார். எழுபது பேர் கைகூப்பினார்கள். அதில் ஒருத்தராவது முழுசாகப் படித்திருப்பார்களா என்பது ஜலஜாவின் சந்தேகம்.

கணக்கில் ஓர் இடத்தில் மட்டும் அவருக்கு இடித்தது. அந்த ஆயிரத்தெண்பது பாகக் கணக்கில் நாளின் முதல் மணியைச் சாயங்காலம் ஆறிலிருந்து எண்ணியிருந்தார்கள். வெள்ளைக்காரன் எவனோ மொழிபெயர்க்கும்போது காலையையும் மாலையையும் குழப்பிவிட்டான் என்று முடிவு கட்டி, தன் எக்செல்லில் அதைக் காலை ஆறு என்று திருத்தினார். திருத்தியதை ஜலஜாவிடம் வேறு காட்டினார். எத்தனையோ புரொஃபசர்கள் கண்ணில் படாத தப்பாம். அவள் காபியை வைத்துவிட்டுப் போனாள்.

அப்படி இப்படி உருட்டி, வைகாசி வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். மறுநாள் திங்கட்கிழமை அவர்களுக்கு ஷவுவோத் என்ற பண்டிகை. வேதம் அவர்கள் கைக்கு வந்த நாளாம். பார்த்தீர்களா, ஒரு முழு நாள் இடைவெளி விட்டிருக்கிறேன் என்று ஹோவர்டிடம் போனில் பீற்றிக்கொண்டார். நடத்தி வைக்கப்போகிற ரபை, அதாவது யூதப் புரோகிதர், ஒரு பெண், ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர். அதனால் சாயங்காலம்தான் தோது. ஆறரை மணி என்று சொன்னதும் ரபையும் சம்மதித்தார், ஹோவர்டும் சம்மதித்தார். பகல் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்தால் சரி என்று ஹோவர்ட் சொன்னதை, வெளிச்சத்தில் போட்டோ நன்றாக வரும் என்பதற்காக என்று சிவராமகிருஷ்ணன் எடுத்துக்கொண்டார். கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பத்திரிகை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று. ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் புடவை எடுத்தாயிற்று. ஃப்ரீவே ஓரத்து ஹோட்டலில் ஹால் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. அப்போதுதான் குரூப்பில் பத்ரி ஒரு கேள்வி போட்டான். பத்ரி சின்ன வயசுக்காரன், முன்பு ஒரு தடவை சென்னை நேரத்தைப் போட்டு இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான். சார், ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் பகலின் கடைசி எட்டில் ஒரு பங்கு என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள், கோடையில் ஹூஸ்டனில் சூரியன் எட்டே காலுக்கு அஸ்தமிக்கிறது, அப்படியானால் ஆறரைக்கு மேல் அஸ்தமனம் வரைக்கும் ராகு காலம்தானே?

பத்ரி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆயிரத்தெண்பது பாகத்தில் மூழ்கிக் கிடந்தவர், சொந்த மகள் கல்யாணத்துக்குச் சென்னைக் காலண்டரின் நாலரை டு ஆறையே வைத்து நேரம் குறித்துக் கோட்டை விட்டிருந்தார். ஊரையெல்லாம் எதற்குக் காய்ச்சினாரோ அதே தப்பு. அதை ஒப்புக்கொண்டால் உயிரா போய்விடும்? ஒப்புக்கொள்ளவில்லை. அது பழைய நேரம், இப்போது மாற்றியாயிற்று, முகூர்த்தம் இரவு எட்டரை, அஸ்தமனத்துக்குப் பிறகு என்று அடுத்த நிமிஷமே பதில் போட்டார். போட்டுவிட்டுத்தான் ஹோட்டலுக்குப் போன் செய்து நேரத்தை மாற்றினார். ஹோட்டல்காரனுக்கு என்ன, சரி என்றான். மகளிடம் சொல்லவில்லை, மாப்பிள்ளை வீட்டிலும் கேட்கவில்லை. திருத்திய நேரத்தை எல்லாருக்கும் ஈமெயிலில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

மறுநாள் சாயங்காலம் அதிதி நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள், டியூட்டி உடுப்பைக்கூட மாற்றவில்லை. ரபை முடியாது என்று சொல்லிவிட்டார். சிவராமகிருஷ்ணன் சோபாவில் சாய்ந்திருந்தார். அப்பா பேசினால் எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு நின்று நிதானமாகத் தமிழில் பேசினாள்.

"அப்பா, அவங்களுக்கு மண்டே, சண்டே சன்செட்லயே ஸ்டார்ட் ஆயிடும். எட்டேகாலுக்கு மேல ரபை எந்தக் கல்யாணமும் பண்ணி வைக்க மாட்டாங்க. ஜோனா வீட்டுல எல்லாரும் விளக்கேத்திட்டு உக்காந்துடுவாங்க."

அவர் சிரித்தார். குரூப்பில் யாராவது மட்டி மாட்டிக்கொண்டால் சிரிக்கிற அதே சிரிப்பு.

"ராத்திரி பன்னெண்டுக்கு இங்கிலீஷ் தேதி மாறும். விடிஞ்சா நம்ம நாள் மாறும். சாயங்காலத்துல எவனாவது நாள மாத்துவானா?"

"மூவாயிரம் வருஷமா மாத்திட்டுதான் இருக்காங்கப்பா."

சமையலறை வாசலில் நின்ற ஜலஜாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சாயங்காலம் ஆறு என்றிருந்ததை இவர் காலை ஆறு என்று திருத்தினாரே, அந்தச் சாயங்காலம் தப்பே இல்லை. அதுதான் அந்தக் காலண்டரின் முதல் வரி. தலைவலி பிடித்த கணக்கையெல்லாம் சரியாகப் போட்ட மனுஷர், ஒரு நாள் எப்போது ஆரம்பிக்கிறது என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. அவருக்கும் அந்த நிமிஷம் விளங்கியிருக்கும், முகம் ஒரு கணம் மாறியதை அவள் பார்த்தாள். ஆனால் விளங்கினால் என்ன? எழுபது பேர் கைகூப்பிய கணக்கல்லவா.

அவங்கள மாத்திக்கச் சொல்லு என்றார். ராகு காலத்தில் தன் பெண் கழுத்தில் தாலி ஏறாது, தான் அந்த ஹாலுக்குள் கால் வைக்க மாட்டேன், அப்பா வராமல் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதிதி கத்தவில்லை. கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆறரைக்கு நடக்கும். நீங்க என் கையப் பிடிச்சுட்டு வரணும்னு எனக்கு ஆசை. நீங்க வரலன்னாலும் நடக்கும்."

மகள் போன பிறகு அவர் ஜலஜாவிடம், பயப்படாதே, கடைசி நிமிஷத்தில் இறங்கி வருவார்கள் என்றார். ஜலஜாவுக்கு ஆத்திரமாக வந்தது. தாலி ராகு காலத்தில் ஏறக் கூடாது என்று இந்த மனுஷர் நெஞ்சார நம்பினால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவளுக்கும்தான் அது உறுத்தியது. ஆனால் பத்ரி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இவர் அதே ஆறரைக்கு அட்சதை தூவி, மைக் பிடித்து முகூர்த்த விசேஷம் வேறு சொல்லியிருப்பார். இது ராகுவின் கோபம் இல்லை. குரூப்பில் இருநூறு பேர் முன்னால் மூக்குடைபட்ட கோபம்.

அந்த வாரம் முழுக்க அவர் காத்திருந்தார். போன் அடித்தபோதெல்லாம் மாப்பிள்ளை வீடுதான் என்று நிமிர்ந்தார். பூக்கடைக்காரியும் கேட்டரிங்காரனும்தான் கூப்பிட்டார்கள். ரபை ஒரு தடவை பேசிப் பார்த்தும் அவர் மசியவில்லை. நேரத்தை ஆறுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்றால் ஹோட்டலில் ஆறரைக்கு முன்னால் மேடை தயாராகாது என்றார்கள். வேறு வழி இல்லாமல் பழைய நேரமே என்று அதிதி எல்லாருக்கும் மறுபடி எழுதினாள். சிவராமகிருஷ்ணன் அதைப் படித்துவிட்டு, நம்ம ஜனம் ஒருத்தரும் வராது என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஜனம் வந்தது. ஆறு மணிக்கே வந்தது. ராகு காலத்தில் நல்ல காரியம் ஆகாது என்று குரூப்பில் வரிந்து வரிந்து எழுதினவர்கள், டெக்சாஸ் வெயிலில் வெளியே நிற்க முடியாமல் ஏசி ஹாலுக்குள் வந்து முதல் வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். பத்ரியும் இருந்தான், பெண்டாட்டி பிள்ளையோடு. அமெரிக்காவுல அதெல்லாம் பாக்க முடியுமா ஆன்ட்டி என்று ஜலஜாவிடம் சொல்லிவிட்டு மாம்பழ ஜூஸை எடுத்துக்கொண்டான். அவளுக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது.

சிவராமகிருஷ்ணன் பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு சகிதம் ஹோட்டல் வரை காரை ஓட்டி வந்தார். வந்து, பார்க்கிங்கில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்துகொண்டார். ஜலஜாவையும் உட்காரச் சொன்னார். நாம இல்லாம ஆரம்பிக்க முடியாது, நீ பேசாம இரு என்றார். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வலியோடு உட்கார்ந்திருந்த அதே முன் சீட் பக்கம். கார்தான் வேறு. ஜலஜா மடியிலிருந்த தாலிப் பெட்டியைப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த மாதிரி ஒரு காரியம் செய்ததில்லை. கதவைத் திறந்து இறங்கினாள்.

"என்னங்க, நான் போறேன். வரதா இருந்தா வாங்க."

அவர் ஏதோ சொன்னார். கதவு சாத்திக்கொண்டதால் அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் உள்ளே வந்து சொன்னதும் ஹோவர்ட் தானே வெளியே போனார். அந்த வெயிலில், கறுப்புக் கோட்டில், கார் கண்ணாடியைத் தட்டி நின்று பேசினார். ஜலஜா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. உங்கள் கெட்ட நேரம் முடிகிற நிமிஷத்தில்தான் எங்கள் புனித நாள் தொடங்குகிறது, நடுவில் நுழைய ஒரு இடுக்குகூட இல்லை, என்ன செய்வது என்று வருத்தமாகச் சொன்னார். தான் கெஞ்சிப் பார்த்ததாகவும், அவர் கண்ணாடியை இறக்கி ஆயிரத்தெண்பது பாகத்தைப் பற்றி விளக்கியதாகவும் சொன்னார். மரியாதை தெரிந்த மனுஷர், சிரிக்காமலே சொன்னார்.

ஆறே முக்கால் வரை ரபை காத்திருந்தார். ஜோனாவை அவன் அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிப் போனார்கள். அடுத்து அதிதி. அவள் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆர்யன் ஓடி வந்து அப்பா பக்கம் நான் நிற்கிறேன் என்றான், வேண்டாம் என்று தலையசைத்தாள். ஜலஜா மகளின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். மகள்தான் அவளை நடத்திப் போனாள் என்று சொல்ல வேண்டும். ராகு காலத்தில் தாலி ஏறியது, மோதிரம் ஏறியது, கண்ணாடித் தம்ளர் நொறுங்கியது, ஹால் இடிந்து விழுகிற மாதிரி அவர்கள் வாழ்த்தினார்கள். ஆகாயம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஜலஜா வாழ்க்கையில் முதல் தடவையாக நேரம் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள், வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் அவசரமாகச் சாப்பிட்டார்கள். பொழுது இறங்குவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ரபை முதலில் புறப்பட்டார். ஹோவர்ட் மருமகளைக் கட்டிக்கொண்டு, ஜலஜாவின் கைகளைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர்கள் பக்கத்து மேஜைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. நம் பக்கத்தில் ரசம் நடந்துகொண்டிருந்தது.

எட்டே கால் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சிவராமகிருஷ்ணன் உள்ளே வந்தார். துண்டைச் சரி செய்துகொண்டு, நிமிர்ந்த நடையோடு, நடுவில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் நேரே பந்தலைப் பார்த்து வந்தார். முகத்தில் ஜெயித்தவனின் களை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"ராகு காலம் முடிஞ்சுது" என்றார். "ஆரம்பிக்கலாமா?"

பத்ரி தண்ணீர் தம்ளரை எடுத்துக் குடித்தான். பந்தலுக்குப் பக்கத்தில் ஜோனாவோடு நின்றிருந்த அதிதி திரும்பினாள். கழுத்தில் மஞ்சள் சரடு தெரிந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள், கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. விருந்தாளி ஒருத்தர் தாமதமாக வந்தால் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, ஜோனாவிடம் ஏதோ சொல்லப் போனாள்.

ஜலஜா எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த நிமிஷத்துக்காக அவள் மனசுக்குள் எத்தனையோ சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவை எல்லாம் எதற்கு என்று ஆகிவிட்டது. சீ, இந்த மனுஷர் நிஜமாகவே காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"முடிஞ்சுடுச்சுங்க. வாங்க, சாப்பிடுங்க."

அவர் பந்தலைப் பார்த்தபடி கேட்டார்.

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"நான்தான்."

"இந்தப் பக்கம்?"

"யாருமில்ல. ஆர்யன் வரேன்னான். அவ அந்தக் கைய யாருக்கும் குடுக்கல."

சிவராமகிருஷ்ணன் கம்பளத்தின் நடுவிலேயே நின்றார். ஹோட்டல் ஆள் ஒருத்தன் வாசல் பக்கத்திலிருந்து அதைச் சுருட்டிக்கொண்டே வந்தான். அவர் காலருகே வந்ததும் நிமிர்ந்து, சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னான். அவர் தள்ளி நின்றார்.